மூன்றாவது இலை

குருநாகல் பக்கமிருந்து கண்டிக்கு வருகிறவர்களுக்கு, கலகெதர ஏற்றம் முடிந்து மூச்சு வாங்குகிற இடத்தில், ஒரு காலத்தில் மக்கீன் கடை என்று ஒரு சோற்றுக்கடை இருந்தது. பெயர்தான் மக்கீன் கடை. மக்கீன் அங்கே பாய் விரிப்பார், இலை போடுவார், வாய் ஓயாமல் பேசுவார். அதற்குமேல் அவரிடம் எதையும் எதிர்பார்க்க முடியாது. சோறும் கறியும் அவர் மனைவி ஹவ்வா உம்மாவின் கைப்பாகம். அந்தக் கைக்காகத்தான் வண்டிக்காரர்கள் மாட்டை விரட்டிக்கொண்டு வந்து பொழுது சாயுமுன் அங்கே நுகத்தடியை இறக்கினார்கள்.

தேயிலை என்ற பேச்சே மலையில் எழாத கோப்பிக் காலம் அது. ஆவணி பிறந்தால் அக்கரையிலிருந்து கப்பலேறி வந்த சனம் கூட்டம் கூட்டமாக அந்த ஏற்றத்தில் நடந்து வரும். முன்னால் கங்காணி, பின்னால் தலையில் சட்டி பானையும் இடுப்பில் பிள்ளையுமாக ஆணும் பெண்ணும். கோப்பிப் பழம் பறித்து முடிந்ததும் தைப் பொங்கலுக்கு ஊர் போய்ச் சேர வேண்டுமென்று அதே சனம் அதே வழியாக இறங்கும். ஏறும்போது ஒரு சோறு, இறங்கும்போது ஒரு சோறு. வருஷத்தில் வயிறார உட்கார்ந்து சாப்பிட்டது அந்த இரண்டு வேளைதான் என்று சொன்னவர்கள் உண்டு.

உட்கார்ந்து என்று சொன்னதில் விஷயம் இருக்கிறது. வழியிலுள்ள மற்றக் கடைகளில் இந்தச் சனத்தை உள்ளே விட மாட்டார்கள். கொல்லைப்புறத்தில் நிற்க வைத்து, கமுகம்மட்டையிலோ சிரட்டையிலோ கொட்டிவிட்டுக் கையை உதறிக்கொள்வார்கள். மக்கீன் கடையில் எல்லோருக்கும் ஒரே பன்பாய், ஒரே வாழையிலை. நாட்டரிசிச் சோறு ஆவி பறக்க வரும். தேங்காயை வறுத்தரைத்துப் போட்ட பலாக்கொட்டைக் கறி வரும். நெருப்பில் சுட்டு எண்ணெய் பூசிய கருவாடு ஒரு துண்டு, அம்மியில் இழைத்த சம்பல் ஒரு உருண்டை. கடைசியில் இஞ்சி தட்டிப் போட்ட கோப்பி. மலையில் கூடை கூடையாகக் கோப்பி பறித்த சனம், கோப்பி என்றால் என்ன ருசி என்று கண்டுகொண்டது அந்தப் பாயில் உட்கார்ந்துதான்.

குசினிக்கும் கடைக்கும் நடுவே ஒரு மூங்கில் தட்டி. ஹவ்வா உம்மா தட்டிக்கு இந்தப் பக்கம், அடுப்படியில் பலகை போட்டு உட்கார்ந்திருப்பாள். அன்னிய ஆண்கள் முன்னால் அவள் வந்ததில்லை. தட்டியின் அடியில் ஒரு சாண் இடைவெளி. அதன் வழியாக அவளுக்குத் தெரிந்ததெல்லாம் இலைகளும், இலைகளில் அளையும் கைகளுந்தான். முகமே தெரியாமல் அத்தனை பேருக்குச் சோறு போட்டவள் அவள்.

ஆனால் இலையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன் என்று அவளுக்கு ஒரு பெருமை. இது பசித்த கை, இது சண்டை போட்டுவிட்டு வந்த கை, இது வீட்டை நினைத்துக்கொண்டிருக்கிற கை என்று அடுப்படியிலிருந்தே சொல்லுவாள். இலையைத் தன் பக்கமாக மடித்தால் சாப்பாடு பிடித்துவிட்டது, எதிர்ப்பக்கமாகத் தள்ளி மடித்தால் மனக்குறை என்பதும் அவள் கணக்குத்தான். அவளுடைய சனம் சஹன் என்ற ஒரே பெரிய தட்டைச் சுற்றிக் கூடியிருந்து சாப்பிடுகிற சனம். மடிப்பதற்கு அங்கே இலையுமில்லை, மடிப்புக்கு ஒரு பொருளுமில்லை. யாரிடமும் கேளாமல் தானாகவே கட்டிக்கொண்ட கணக்கு அது.

"மழை வருமாவெண்டும் அந்த இலையில பாத்துச் சொல்லேன் ஹவ்வா" என்று மக்கீன் கிண்டல் செய்வார்.

"சிரிங்க, சிரிங்க. நான் சொல்லி எது பிழையாப் போயிருக்கு?" என்பாள்.

கடையில் ஒரு சட்டமும் இருந்தது. அதைப் போட்டவளும் அவள்தான். ஒரு வருஷம் பிந்தி ஏறுகிற கூட்டமும் முந்தி இறங்குகிற கூட்டமும் ஒரே நேரத்தில் கடையில் வந்து விழுந்தன. இறங்குகிறவர்களில் ஒருத்தி, மேலே குளிரிலும் வயிற்றோட்டத்திலும் யார் யார் போனார்கள் என்று பெயர் பெயராகச் சொல்லி அழத் தொடங்கிவிட்டாள். ஏறப் போகிறவர்களின் கைகள் சோற்றிலேயே நின்றுபோயின. இரண்டு பேர் எழுந்து வந்த வழியே ஓட, கங்காணி பிரம்பை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினான். அத்தனை இலையும் சோற்றோடு கிடந்ததை ஹவ்வா உம்மா தட்டிக்கு அடியில் பார்த்தாள். அவளால் தாங்க முடியவில்லை.

"இனிமே இந்தக் கடையில மவுத்துக் கதை பேசப்படாது. மேலே போய் என்னமும் நடக்கட்டும், இங்க திங்கிற சோத்தையாவது நிம்மதியாத் திங்கட்டும். பேசுறவங்களுக்கு இலை இல்லையெண்டு சொல்லிப் போடுங்க" என்றாள்.

மக்கீன் அதை வாசலில் நின்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் சொன்னார். நாளாக ஆக, சொல்லவே தேவையில்லாமல் போயிற்று. மக்கீன் கடையில் சாவைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்பது அந்த வழி நெடுகத் தெரிந்த சட்டமாகிவிட்டது. நல்ல மனசோடு போட்ட சட்டம். அது அவளையே வந்து பிடிக்கப் போகிறதென்று அப்போது யாருக்குத் தெரியும்?

ஒரு ஆவணி மழையில் பன்வில பக்கத் தோட்டத்துக்குப் போகிற கூட்டம் ஒன்று வந்து உட்கார்ந்தது. தட்டிக்கு நேரே இரண்டு இலை. ஒன்றில் ஆண் கை, ஆட்காட்டி விரல் எங்கோ அடிபட்டு உள்நோக்கி வளைந்து போன கை. பக்கத்து இலையில் மெலிந்த பெண் கை. பெண் கை தன் இலையிலிருந்த கருவாட்டை எடுத்து ஆண் இலையில் வைத்தது. வளைந்த விரல் அதைத் திரும்ப எடுத்துப் பெண் இலையில் வைத்தது. கருவாடு இப்படிப் போவதும் வருவதுமாக இருந்ததைப் பார்த்து ஹவ்வா உம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தட்டிக்கு அடியில் கையை நீட்டி, இன்னொரு துண்டை அந்தப் பெண் இலையில் போட்டாள்.

சற்று நேரத்தில் அந்தப் பெண் இடுப்பில் ஒரு குழந்தையோடு குசினிப் பக்கம் வந்தாள். பெண்கள் பிள்ளைக்குப் பால் கொடுக்க அங்கே வருவது வழக்கம். பெயர் அங்கம்மா என்றாள். புருஷன் இருளப்பன் என்று கூச்சத்தை விட்டுச் சொன்னாள்.

"உம்மா, என் கல்யாணத்துல கூட நான் இப்புடி ஒக்காந்து சாப்புட்டதில்ல. என்னய யாருமே எலை போட்டு ஒக்கார வச்சதில்ல."

ஹவ்வா உம்மா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். குழந்தையைத் தொட்டுப் பார்த்தால் உடம்பு கொதித்தது. தவழ்கிற வயசுப் பெண் குழந்தை, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. பேர் பேச்சி. வெளியே கங்காணி கூப்பாடு போட்டுக்கொண்டிருந்தான். மேலே போகப் போகக் குளிர் கூடுமென்பது ஹவ்வா உம்மாவுக்குத் தெரியும். இந்தக் குழந்தை பன்வில போய்ச் சேராது என்பதும் தெரிந்தது. தன் சட்டத்தை நினைத்து அதை வாயால் சொல்லாமல் அவள் வேறு விதமாகச் சொன்னாள்.

"புள்ளய இங்க விட்டுட்டுப் போ மகள். பழம் பறிச்சு முடிஞ்சு எறங்கக்குள்ள எடுத்துட்டுப் போ. எனக்குப் புள்ள குட்டி இல்ல. கண்ணாட்டம் பாப்பேன்."

அங்கம்மா குழந்தையை ஒருதரம் இறுக்கி அணைத்தாள். பிறகு குழந்தையின் நெற்றியை மோந்து பார்த்துவிட்டுக் கொடுத்தாள். "எறங்குறப்ப எடுத்துக்கிறேன் உம்மா" என்றாள். அதைச் சொல்லிக்கொண்டே, குழந்தையைப் பார்த்தபடி பின்னோக்கியே நடந்து போனாள்.

கல்யாணம் முடித்த நாளிலிருந்து ஒரு பிள்ளைக்காக ஹவ்வா உம்மா ஓதாத ஓதலில்லை, வைக்காத நேர்ச்சையில்லை. இப்போது ஆட்டுப்பாலும் கஞ்சியும் கொத்தமல்லித் தண்ணியுமாக அந்தக் குழந்தையை எமன் வாயிலிருந்து பிடுங்கி எடுத்தாள். அது எழுந்து உட்கார்ந்து, அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துச் சிரித்த அன்று, மக்கீனைக் கூப்பிட்டுக் காட்டி அழுதாள். றம்லத் என்று பெயர் வைத்தது அதற்குப் பிறகுதான். அந்தச் சிரிப்போடு சேர்ந்தே பயமும் அவளுக்குள் வந்து குந்திக்கொண்டது. மார்கழி முடியப் போகிறது. இறங்குகிற கூட்டம் வரும். அங்கம்மா வருவாள். என் மகளை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

கூட்டம் வந்தது. தட்டிக்கு நேரே வளைந்த விரல் வந்து உட்கார்ந்தது. பக்கத்தில் யாருமில்லை.

"ரெண்டு எலை போடுங்க நானா" என்று மக்கீனிடம் சொன்னது குரல்.

மக்கீன் இரண்டு இலை போட்டுப் பரிமாறினார். ஹவ்வா உம்மா குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டு, அங்கம்மா எங்கே, பின்னால் வண்டியில் வருகிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வளைந்த விரல் தன் கருவாட்டை எடுத்துப் பக்கத்து இலையில் வைத்தது. தன் இலையில் நாலு வாய் அள்ளியது. பிறகு, யாரும் தொடாத அந்தப் பக்கத்து இலையைச் சோற்றோடு எதிர்ப்பக்கமாக மடித்தது.

அவர் எழுந்து, தட்டியைப் பார்த்துச் சற்று நின்றார். "சோறு நல்லாருந்துச்சு ஆத்தா" என்றார். குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. போய்விட்டார்.

ஹவ்வா உம்மா அன்று பொழுது சாயும்வரை ஒருத்திக்குரிய சோற்றை மூடி வைத்துக் காத்திருந்தாள். யாரும் வரவில்லை. அடுத்த ஆவணியில் அந்தக் கை மறுபடி வந்தது. மறுபடி இரண்டு இலை. மறுபடி அதே மடிப்பு. வருஷாவருஷம் ஏறும்போதும் இறங்கும்போதும் அது அப்படியே நடந்தது.

இலை வாசிக்கத் தெரிந்தவளல்லவா, வாசித்துவிட்டாள். அங்கம்மா மேலேயே தங்கிவிட்டாள், தோட்டத்தில் நிரந்தரமாக ஏதோ வேலை போலிருக்கிறது. இந்தப் பிள்ளைக்குப் பெற்றவள் ஒருத்தி இருக்கிறாள், அவள் இடம் இங்கே இருக்கிறது, மறந்துவிடாதே என்று இந்த மனுஷன் வந்து வந்து இலை போட்டுக் காட்டிவிட்டுப் போகிறார். மனக்குறையோடு தள்ளி மடிக்கிறார். ஒரு நாள் வாயைத் திறந்து கேட்டே விடுவார். இதுதான் அவள் வாசிப்பு. அன்றிலிருந்து வருஷத்தில் இரண்டு தடவை அவளுக்குச் சோறு இறங்காது, தூக்கம் பிடிக்காது.

மக்கீன் மட்டும், "கேக்க வந்தவன் கேக்காமலா போறான்? அவனுக்கும் மனசு இரிக்கும் ஹவ்வா. வாரான், பாக்கிறான், போறான். விடேன்" என்பார்.

றம்லத் வளர்ந்து நடமாடத் தொடங்கியதும், சாப்பிட வருகிறவர்களுக்குக் கைக்குத் தண்ணீர் ஊற்றுவது அவள் விளையாட்டாயிற்று. அவளைவிடக் கனத்த செம்பை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்பாள். எல்லோரும் கையை நனைத்துக்கொண்டு உள்ளே போவார்கள். வளைந்த விரல்காரர் மட்டும் செம்புத் தண்ணீர் தீர்ந்த பிறகும் இரண்டு கையையும் நீட்டியபடியே குனிந்து நிற்பார். "முடிஞ்சி போச்சு மாமா" என்று அவள் சிரிப்பாள். அவர் சிரிக்காமல் தலையாட்டிவிட்டு வந்து உட்காருவார். அன்று அந்த இலையில் நாலு வாய் கூடுதலாக இறங்கும்.

பிறகு மக்கீன் போய்ச் சேர்ந்தார். காலையில் பாய் விரித்தவர் அந்தப் பாயிலேயே சாய்ந்துவிட்டார். ஹவ்வா உம்மா புருஷனை இழந்தவளுக்குரிய இத்தா இருந்து எழுந்தபோது, கடையை மக்கீனின் தம்பி மஹ்மூத் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வாய் பேசாதவன் மாதிரி வேலையை மட்டும் பார்க்கிறவன். விடேன் ஹவ்வா என்று சொல்ல ஆளில்லாத வீட்டில் பயம் இஷ்டத்துக்கு வளர்ந்தது. உலகத்தில் அவளுக்கென்று மிஞ்சியது றம்லத் ஒருத்திதான். அந்த வயசுப் பெண் பிள்ளைகளைக் கங்காணிமார் பழம் பறிக்க இறக்குகிறார்கள் என்று வண்டிக்காரர்கள் பேசிக்கொண்டதும் அவள் காதில் விழுந்தது. இத்தனை நாள் கேட்காதவர் இப்போது கேட்பார், வேலைக்கு ஆகிற வயசு வந்துவிட்டது என்று அவள் முடிவு கட்டினாள்.

அந்த வருஷம் கூட்டம் ஏறும் முன்பே றம்லத்தை அக்குறணையில் தன் தாத்தா வீட்டில் கொண்டுபோய் விட்டாள். தாத்தா என்றால் அவள் கூடப்பிறந்த அக்கா. ஆவணியில் வாசலில் செம்பு மட்டும் இருந்தது. வளைந்த விரல் தானே தண்ணீர் மொண்டு கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தது. ஒன்றும் கேட்கவில்லை. மார்கழியில் இறங்கும்போதும் செம்பு தனியாகத்தான் இருந்தது.

அன்று அவர் உட்காரவில்லை. தட்டிக்கு முன்னால் வந்து நின்றார். அடியில் இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன, அட்டை கடித்த தழும்பும் சேறுமாக.

"ஆத்தா, தண்ணி ஊத்துற புள்ளய காணோமே?"

இத்தனை வருஷமாக எந்தக் கேள்விக்குப் பயந்தாளோ அந்தக் கேள்வி வந்துவிட்டது. கல்யாணம் பேசி அனுப்பினேன் என்று சொல்லியிருக்கலாம், ஓதப் போயிருக்கிறாள் என்றும் சொல்லியிருக்கலாம். எதைச் சொன்னாலும் அடுத்த ஆவணியில் மறுபடி கேட்பார். ஒரேயடியாகக் கேள்வியை அறுத்துவிட வேண்டும் என்ற வெறியில், தன் சட்டத்தைத் தானே மிதித்துக்கொண்டு அவள் சொன்னாள்:

"மவுத்தாப் போச்சு. காய்ச்சல்."

இரண்டு கால்களும் அசையவில்லை. கடையில் மற்ற இலைகளில் கைகள் சளசளவென்று போய்க்கொண்டிருந்தன. பிறகு அவர் மெல்ல மடங்கி உட்கார்ந்தார்.

"மூணு எலை போடுங்க" என்றார்.

மஹ்மூத் மூன்று இலை போட்டுப் பரிமாறினான். வளைந்த விரல் தன் கருவாட்டை எடுத்து இரண்டாவது இலையில் வைத்தது. மூன்றாவது இலையைத் தடவிக் கொடுத்தது.

"ஆத்தா, இதுல ஒரு துண்டு கருப்பட்டி வைங்க."

ஹவ்வா உம்மா என்ன ஏதென்று தெரியாமலே உறியிலிருந்த கித்துள் மரத்துக் கருப்பட்டியை உடைத்துத் தட்டிக்கு அடியில் நீட்டினாள். அந்த விரல் அதை வாங்கி மூன்றாவது இலையின் நடுவில், சோற்றின் மேல் வைத்தது. வைத்துவிட்டுச் சும்மா இருந்தது. தன் இலையில் ஒரு பருக்கை தொடவில்லை. பிறகு இரண்டாவது இலையை எதிர்ப்பக்கமாக மடித்தது. மூன்றாவது இலையையும் அதே போல எதிர்ப்பக்கமாக மடித்தது.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

மூன்றாவது இலை செத்துப்போன பிள்ளைக்கு. அப்படியென்றால் இரண்டாவது இலை யாருக்கு? இத்தனை வருஷமும் இரண்டாவது இலை யாருக்குப் போட்டார்? அங்கம்மா மேலே தங்கிவிடவில்லை. அங்கம்மா அந்த முதல் மழையிலேயே போய்விட்டாள். இந்த மனுஷன் பிள்ளையைக் கேட்டு வந்தவரில்லை. பொண்டாட்டி வயிறார உண்ட ஒரே இடத்தில் அவளுக்கு ஒரு பிடி சோறு வைத்துவிட்டு, பெற்ற பிள்ளை ஊற்றுகிற தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டு போக வந்தவர்.

கூப்பிட வாயைத் திறந்தாள். பொய் சொன்னேன், பிள்ளை இருக்கிறாள், அக்குறணையில் இருக்கிறாள் என்று கத்த வேண்டும். நெஞ்சில் பாதி அழுதுகொண்டிருந்தபோதே, மிச்சப் பாதி இனிமேல் என் பிள்ளையை யாரும் கேட்க மாட்டார்கள் என்று ஆறுதல்பட்டதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தப் பாதியைத்தான் பிறகு அவள் வாழ்நாளெல்லாம் மன்னிக்கவில்லை. எழுந்து, தட்டியைத் தள்ளிக்கொண்டு, கல்யாணமான நாளிலிருந்து மிதியாத கடைப் பாயை மிதித்து வாசல்வரை ஓடினாள். வாசற்படியில் கால் நின்றுவிட்டது. தெரு நிறைய முதுகுகள் இறங்கிப் போய்க்கொண்டிருந்தன. அன்னிய ஆணின் பெயரைத் தெருவில் கத்தி அவளுக்குப் பழக்கமில்லை, அவர் முகமும் தெரியாது. எந்த முதுகென்று கூப்பிடுவது?

அடுத்த ஆவணியில் சொல்லிவிடலாம் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள். றம்லத்தைத் திரும்ப அழைத்து வந்து, கையில் செம்பைக் கொடுத்து வாசலில் நிறுத்தினாள். எல்லாக் கைகளும் வந்தன, வளைந்த விரல் வரவில்லை. அதற்கடுத்த ஆவணியிலும் வரவில்லை. கூட்டத்தில் யாரிடமும் கேட்க, தான் சொன்ன பொய் அவளை விடவில்லை. கண்டிக்கு ரயில் வந்தது. கூட்டங்கள் கொழும்பு வழியாக வண்டியேறி வரத் தொடங்கின. பிறகு கோப்பி இலையின் அடியில் மஞ்சள் தூள் பூத்து, மலை மலையாகக் கோப்பி பட்டுப்போகிறது என்று பேச்சு வந்தது. கலகெதர ஏற்றத்தில் புல் முளைத்தது. சோற்றுப் பானை சிறிதாகிச் சிறிதாகி, கடைசியில் வீட்டுப் பானையாயிற்று. றம்லத்தை அக்குறணையில் கட்டிக் கொடுத்தாள். மஹ்மூத் வியாபாரம் தேடிக் கண்டி டவுனுக்குப் போனான். தட்டி மட்டும் அதே இடத்தில் நின்றது.

ஒரு நாள் நடந்து போய்க்கொண்டிருந்த ஒரு வயசான பெண், கடை மூடிக் கிடப்பதைப் பார்த்துவிட்டுக் குசினிப் பக்கமாக எட்டிப் பார்த்தாள். பன்வில தோட்டத்தில் பழம் பறித்த சுப்பம்மா அவள். அந்தக் காலத்தில் இங்கே சாப்பிட்ட பலாக்கொட்டைக் கறியின் வாசம் இன்னும் மூக்கில் நிற்கிறதென்று சிரித்தாள். ஹவ்வா உம்மா இருந்ததைப் போட்டுக் கொடுத்து, வளைந்த விரல்காரரைக் கேட்டாள்.

"இருளப்பனா? அந்த மனுசன் அதுக்கப்பறம் ஊருக்கே போகல உம்மா. எறங்கிப் போன மனுசன் குருநாகல்லயிருந்து திரும்பி வந்துட்டாரு, யாருக்காக ஊருக்குப் போறதுன்னு. லயத்துலயே கெடந்தாரு."

"அங்கம்மா மவுத்தானத எனக்கு ஏன் சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

சுப்பம்மா அவளை விசித்திரமாகப் பார்த்தாள். "இந்தக் கடையில சாவு சேதி பேசக் கூடாதுன்னு நீங்கதான சட்டம் போட்டீங்க? அதான் எலைய அந்தப் பக்கமா மடிச்சாரு. எழவு வீட்டுலதான நாங்க அப்புடி மடிப்போம். ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு எல்லாரும் நெனச்சோம்."

இலை பார்த்து ஆளைச் சொன்ன ஹவ்வா உம்மா, தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள். மறுநாள் விடியுமுன் எழுந்து உலை வைத்தாள். பலாக்கொட்டையை உரித்தாள், தேங்காயை வறுத்தாள், கருவாட்டைச் சுட்டாள். எல்லாவற்றையும் கட்டி எடுத்துக்கொண்டு அக்குறணைக்குப் போய் றம்லத்தை மாட்டு வண்டியில் ஏற்றினாள். கட்டுகஸ்தோட்டையில் ஆற்றைத் தாண்டும்போது சொல்லத் தொடங்கினாள். அங்கம்மாவை, இருளப்பனை, தான் சொன்ன பொய்யை, ஒன்றும் மறைக்காமல் சொன்னாள்.

வண்டி வத்தேகாமத்தை எட்டியது. றம்லத் வெளியே பார்த்துக்கொண்டு, "அப்ப அவருக்கு நான் மவுத்தாப் போனவ" என்றாள். அழுது திட்டியிருந்தால் ஹவ்வா உம்மாவுக்குக் கொஞ்சம் லேசாயிருந்திருக்கும். அவள் உம்மாவின் கையை விடவுமில்லை, பிடிக்கவுமில்லை.

பன்வில மேட்டில் கோப்பிச் செடிகள் இலையில்லாமல் குச்சி குச்சியாக நின்றன. தோட்டச் சனம் வரிசையாய்க் குடியிருந்த லயத்தின் கூரை பாதி விழுந்து கிடந்தது. அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டார்கள்.

"காப்பி செத்துச்சு, எல்லாரும் போயிட்டாக. செலபேரு வேற தோட்டம், செலபேரு ஊரு. செலபேரு இங்கனயே" என்று அவர் ஓடைக்கரைப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே மண் மேடுகள் புல் மூடிக் கிடந்தன.

"இருளப்பனெண்டு, வெரல் வளைஞ்சவர்..."

"அந்தக் கெழவனா? போனானோ, கெடந்தானோ, கடேசியில யாரு தாயி பாத்தா?"

எந்த அறையென்று கூட அவருக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஓரத்து அறையாக இருக்கலாம் என்றார். ஹவ்வா உம்மா அந்த வாசலைத் தன் முந்தானையால் கூட்டினாள். வாழையிலையை விரித்துச் சோறு வைத்தாள். பலாக்கொட்டைக் கறி வைத்தாள். ஒன்றுக்கு இரண்டாகக் கருவாடு வைத்தாள். தட்டி இல்லாமல், அந்த மனுஷனுக்கு நேர் எதிரே உட்கார்ந்து அவள் சோறு போட்டது அன்றுதான். றம்லத் செம்பை எடுத்து, இலைக்கு முன்னால் கைகள் நீண்டிருக்கிற இடத்தில் தண்ணீரை மெல்ல ஊற்றினாள். செம்பு தீரும்வரை ஊற்றினாள்.

"முடிஞ்சி போச்சு வாப்பா" என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

மேட்டில் பனி இறங்கத் தொடங்கியது. வண்டிக்காரன் கீழேயிருந்து குரல் கொடுத்தான்.

"இலைய மடிங்க உம்மா. இருட்டிட்டு வருது."

ஹவ்வா உம்மா இலையின் ஓரத்தில் கையை வைத்தாள். எங்கோ ஒரு தோட்டத்தில் உயிரோடு இருக்கிறார் என்றால் தன் பக்கமாக மடிக்க வேண்டும். அந்தப் புல் மேட்டில் இருக்கிறார் என்றால் அந்தப் பக்கமாக மடிக்க வேண்டும். கை இலையிலேயே கிடந்தது. எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்ல மக்கீனும் இல்லை, சுப்பம்மாவும் இல்லை.

கடைசியில் கையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இரண்டு பேரும் இறங்கி வண்டியேறும்போது அந்த இலை திறந்துதான் கிடந்தது.